சாவி யார் கையில்?

"பீடில் என்றால் யார் சார்?"

கேட்டவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். நெமிலியில், பள்ளி மணி அடித்து ஓய்ந்த மாலைப் பொழுதுகளில், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வேப்ப மரத்தடியில் கூட்டிவைத்து ஆங்கிலக் கதைகளைத் தமிழில் சொல்லி வருகிறேன். அன்று சொன்ன கதை சார்லஸ் டிக்கன்ஸ் தீட்டிய ஆலிவர் டுவிஸ்ட். ஏழைகள் விடுதியில் தாயை இழந்து பிறந்த சிறுவனுக்குப் பெயரிடும் பெருமகனாக பம்பிள் வந்து நிற்கிறான் அல்லவா? மூன்று மூலைத் தொப்பி, கையிலே பிரம்பு, நடையிலே மன்னர் மன்னன் என்ற நினைப்பு! அநாதைக் குழந்தைகளுக்கு எழுத்து வரிசைப்படி பெயர் சூட்டும் அந்த மேதையின் பதவிதான் பீடில்.

"கோயிலின் ஏவலாள். ஊர் ஏழைகளை அடக்கி வைக்கும் அதிகாரமும் அவனுக்கு உண்டு" என்றேன்.

"எங்கள் கோயில்பிள்ளை மாதிரியா சார்? அவர்தான் மணி அடிப்பார், விளக்குப் போடுவார். சாவியும் அவரிடம்தான் இருக்கும்."

"ஆமாம், ஏறக்குறைய அப்படித்தான்" என்று சொல்லிக் கதையைத் தொடர்ந்தேன். இரவு படுக்கையில்தான் உறைத்தது, பையனுக்குத் தவறான விடை சொல்லிவிட்டோம் என்று. பிள்ளைகள் வாழும் தெருவின் கோயில்பிள்ளையை நான் அறிவேன். பிரம்பு ஏது அவரிடம்? தொப்பி ஏது? பெருக்கித் துடைத்து, பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லோரும் போன பிறகு கதவைப் பூட்டுகிறவர். சாவியை அவர் வைத்திருக்கிறார். ஆனால் யாருக்காகவோ வைத்திருக்கிறார். அந்த யாரோ யார்? ஆயர் ஐயாவா? கமிட்டிக்காரரா? வாரந்தோறும் காணிக்கைப் பையில் போடும் மக்களா?

இந்தக் கேள்வி என்னை ஒரு மாதம் தூங்கவிடவில்லை. கல்லூரியில் படித்த ஆங்கில நாவல்களை மீண்டும் புரட்ட வைத்தது. இலக்கியத்தில் பாதிரிமார்களைப் பற்றி எழுதிக் குவித்த திறனாய்வாளர்கள், பாதிரியின் அங்கி அணியாமல், ஆனால் கோயிலை ஆண்ட மனிதர்களை ஏன் ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இங்கிலாந்து நாட்டுத் திருச்சபையில், அதாவது ஆங்கிலிக்கன் சபையில், ஒவ்வொரு பாரிஷுக்கும் ஒரு குரு இருப்பார். அவரை நியமிப்பதில் மக்களுக்குப் பெரும்பாலும் பங்கு இருந்ததில்லை. நிலக்கிழார் ஒருவரோ, கல்லூரியோ, பேராயரோ, அரசோ அனுப்பி வைத்த ஆள் அவர். ஆனால் குருவுக்கு எதிர்ப்பக்கத்தில் வேறு இருவர் நின்றார்கள். சர்ச் வார்டன் என்பது அவர்கள் பெயர், கோயிற்காவலர் எனலாம். அவர்கள் குருமார்கள் அல்லர். உழவர், தச்சர், கடைக்காரர் என்று ஊரில் தொழில் செய்து பிழைப்பவர்கள். ஆண்டுக்கு ஒரு முறை, உயிர்ப்புத் திருநாளை ஒட்டி, வெஸ்ட்ரி என்னும் ஊர்க்கூட்டம் கூடி அவர்களைத் தேர்ந்தெடுத்தது. குருவும் மக்களும் ஒத்த கருத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் குரு ஒருவரையும் மக்கள் ஒருவரையும் தேர்ந்தெடுக்கலாம் என்று 1604-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு கூறிற்று. கோயிலின் கிண்ணமும் தட்டும் துணியும் புத்தகமும் சட்டப்படி அவர்கள் பொறுப்பில். கூரை ஒழுகினால் அவர்கள் கவலை. வரவு செலவு அவர்கள் கணக்கு. இவற்றைவிடச் சுவையானது ஒன்று: குரு தன் கடமையில் தவறினால், மேலிடத்து மேற்பார்வையாளர் வரும்போது அவரைப் பற்றியே முறையீடு எழுதிக் கொடுக்கும் உரிமையும் கடமையும் அவர்களுக்கு உண்டு!

சிந்தித்துப் பாருங்கள். பூசை செய்பவன் தவறினால் கேட்கும் உரிமை, பூசை செய்யாத உழவனுக்கு! நூற்றாண்டுகளாகக் கருவறைக்கு வெளியே கைகட்டி நின்ற நமக்கு இதன் அருமை புரியும்.

உடனே கைதட்டிவிட வேண்டாம். அந்த மாமரத்தில் புளித்த கனியும் காய்த்தது. 1559-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஞாயிறு வழிபாட்டுக்கு வராதவனுக்கு 12 பென்ஸ் தண்டம். அதை வசூலிக்கும் வேலை இதே காவலருக்கு. 1601-ஆம் ஆண்டு ஏழையர் சட்டம், ஊர் ஏழைகளுக்குப் படியளக்கும் பொறுப்பையும் இவர்கள் தலையில் வைத்தது. வரி போடவும் ஆள், சோறு போடவும் ஆள், சோற்றை மறுக்கவும் ஆள் என்றாகிவிட்டது. அண்டை ஊரிலிருந்து வந்த நிறைமாதக் கருவுற்றவள் தங்கள் எல்லைக்குள் பிள்ளை பெற்றுவிட்டால் செலவு தங்களுக்கென்று, அவளை எல்லைக்கு அப்பால் விரட்டிய காவலர்களும் இருந்தார்கள். அன்பே கடவுள் என்று எழுதிய சுவரின் நிழலில் நடந்த அட்டூழியம் அது. கோயில் வரியைக் கட்டாயப்படுத்தும் முறை 1868-ல்தான் ஒழிந்தது. ஊராட்சி வேலை 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மக்கள் மன்றங்களுக்குப் போயிற்று. 1921-க்குப் பின் கோயில் பணம் பாரிஷ் மன்றத்தின் பொறுப்புக்கு வந்தது. காவலர் மட்டும் இன்றும் இருக்கிறார். திருநாள்களில் கையில் கோல் ஏந்தி முன்னே நடக்கிறார்.

டிக்கன்ஸ் கண்டது அந்தப் புளித்த கனியை. ஆலிவர் டுவிஸ்ட் 1837-ல் தொடங்கி 1839 வரை மாத ஏட்டில் வந்தது. காவலருக்கும் கீழே நிற்கும் ஏவலாள்தான் பம்பிள். ஆனாலும் மேலே உள்ளவர்களின் இறுமாப்பு முழுவதும் அவன் தொப்பியில் வந்து குந்திக்கொண்டிருக்கிறது. சிறு அதிகாரம் எப்போதும் பெரிய அதிகாரத்தைவிடக் கொடியது என்பதை நம் ஊர்த் தாலுக்கா அலுவலக வாசலில் ஒரு நாள் நின்றவனும் அறிவான். கதையின் முடிவில் பம்பிள், தான் அடக்கி ஆண்ட அதே விடுதியில் ஏழையாக அடைக்கலம் புகுகிறான். திறனாய்வாளர்கள் இதைக் கவிதை நீதி என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் எளிய நீதியாகவே படுகிறது. பம்பிள் வீழ்ந்தான், அவனை வைத்து வேலை வாங்கிய வாரியத்துக் கனவான்கள் வீழவில்லையே!

டிக்கன்சின் கூர்மையை அறிய வேண்டுமானால் அவருடைய முதல் நூலைப் பார்க்க வேண்டும். 1836-ல் வெளிவந்த பாஸ் எழுதிய சித்திரங்களில் "எங்கள் பாரிஷ்" என்று ஒரு பகுதி. அதில் பீடில் பதவிக்கு நடந்த தேர்தல் ஒரு கட்டுரை. பழைய பீடில் இறந்துவிட்டான். போட்டி இருவருக்கிடையே வந்து நிற்கிறது. ஒருவன் ஸ்ப்ரக்கின்ஸ், மற்றவன் பங். இருவரில் எவன் நேர்மையானவன், எவன் ஏழைக்கு இரங்குபவன் என்று ஊர் ஆராய்கிறதா? இல்லை! எவனுக்குப் பிள்ளைகள் அதிகம் என்று ஆராய்கிறது! ஸ்ப்ரக்கின்சுக்குப் பத்துப் பிள்ளைகள். அதிலும் இரட்டையர் உண்டு. பங்குக்கு ஐந்துதான். சுவரொட்டிகளில் பிள்ளைக் கணக்கு! ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு பக்கம். அவர்களை எதிர்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஓய்வு பெற்ற கப்பல் தலைவர் மறுபக்கம். கடைசியில் பங் வெல்கிறான்.

நம் நாட்டில் பிள்ளைகளை எண்ணுவதில்லை. சாதியின் தலைகளை எண்ணுகிறோம். எண்ணுகிற கலை ஒன்றுதான்.

இந்தக் கட்டுரையை வாசித்த பலர், மக்கள் தேர்தல் என்றாலே கேலிக்கூத்து என்று டிக்கன்ஸ் சொல்வதாக முடிவு கட்டுகிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. அந்தச் சிரிப்பில் ஓர் உரிமையாளனின் குரல் இருக்கிறது. "எங்கள் பாரிஷ்" என்று தலைப்பிட்டாரே, அந்த "எங்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். என் வீட்டுக் கூரை ஒழுகினால் நான் திட்டலாம். அடுத்தவன் மாளிகையின் கூரையைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? தான் தேர்ந்தெடுத்த ஏவலாளை, தான் வரி கட்டும் காவலரை, தான் போய் உட்காரும் கூட்டத்தை ஒரு மக்கள் கூட்டம் நகையாடியது. அந்த நகைப்பு ஆங்கில இலக்கியத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. நமக்கு ஏன் அது கிட்டவில்லை?

விடை தேடச் சென்னைக் கோட்டைக்குப் போக வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ல் அர்ப்பணிக்கப்பட்டது புனித மேரி ஆலயம். ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் ஆளுநராக இருந்தபோது கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயர் நன்கொடையால் எழுந்தது. கோயில் வந்ததும் வெஸ்ட்ரியும் வந்தது, காவலரும் வந்தார்கள். காணிக்கையைக் காத்தார்கள், ஏழைகளுக்கும் தாய் தந்தை இழந்த பிள்ளைகளுக்கும் செலவு செய்தார்கள், 1715-ல் அறப்பள்ளி ஒன்று தொடங்கப் பணம் பார்த்தார்கள். வணிகம் செய்ய வந்தவர்கள், தங்கள் ஊரில் அனுபவித்த உரிமையைப் பெட்டியில் போட்டுக் கப்பலில் கொண்டுவந்து, இங்கே இறக்கி அனுபவித்தார்கள். கோட்டைக்குள் இருந்த வெள்ளையருக்குத்தான் அது! எங்கள் வேலூர்க் கோட்டையிலும் புனித யோவான் ஆலயம் நிற்கிறது; 1846-ல் கும்பெனிப் படையின் வெள்ளையர் வழிபடுவதற்கென்று கட்டியது. அகழியும் மதிலும் அதற்கு அரண்.

மதிலுக்கு வெளியே இருந்த தமிழனுக்கு எந்தப் பதவி வந்தது? உபதேசியார் வந்தார். காவலர் வரவில்லை.

இந்த ஒரு வேறுபாட்டில் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. காவலரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். உபதேசியாரை மிஷனெரி அமர்த்துவார். காவலர் சம்பளம் வாங்குவதில்லை. அதனால் குருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. உபதேசியாரின் அடுப்பு எரிவது மிஷனெரி கொடுக்கும் மாதப் படியால். காவலர் குருவைப் பற்றி மேலிடத்துக்கு எழுதலாம். உபதேசியார் மக்களைப் பற்றி மிஷனெரிக்கு எழுத வேண்டும். முகம் திரும்பியிருக்கும் திசையே வேறு!

உபதேசியாரை இழிவாக எண்ணி இதை எழுதவில்லை. எப்படி எண்ணுவேன்? எங்கள் வட ஆர்க்காட்டுச் சேரிகளில் முதன்முதலில் பலகையும் பல்பமும் கொண்டுபோனவர் அவர்தாம். வாரத்தில் ஐந்து நாள் ஓலைக் கூரையின் கீழ் அ ஆ சொல்லிக் கொடுத்து, ஞாயிறன்று அதே கூரையின் கீழ் வேதம் வாசித்து, நோயுற்றவரைக் கண்டு, பிணத்தைப் புதைத்து, மிஷனெரி ஆண்டுக்கு ஓரிரு முறை குதிரையில் வந்து போகும்வரை ஊரைத் தாங்கி நின்றவர். நான் செய்யும் வேலைக்கு அவர் மூதாதை. திருநெல்வேலிச் சீமையில் 1799-ல் முதலூர் என்ற ஊரையே உருவாக்கியவர் சுந்தரானந்தம் டேவிட் என்னும் உபதேசியார். அடித்து விரட்டப்பட்ட மக்களைக் கூட்டி, நிலம் வாங்கிக் குடியேற்றினார். அந்த மண்ணில் அப்போது தங்கி ஆண்ட வெள்ளைக் குரு எவர்? ஊரைக் கட்டியவர் தமிழர். ஆனால் ஏட்டில் அவர் "உதவியாளர்".

உதவியாளராக இருக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டாம்பிள்ளையின் கதையே சான்று. அருமைநாயகம் அவர் இயற்பெயர். நாசரேத்தில் மிஷன் பணியில் இருந்தவர். மொழிப் புலமை மிக்கவர். அங்கிருந்த கேமரர் என்ற மிஷனெரியோடு மாறுபட்டு வேலையிழந்தார். அந்த நேரத்தில் அவர் பார்வைக்கு வந்தது ஒரு நூல். கால்டுவெல் 1849-ல் வெளியிட்ட, திருநெல்வேலிச் சாணார்கள் பற்றிய நூல் அது. அச்சமுதாய மக்களை அறிவு குன்றியவர்கள் என்று தாழ்த்திப் பேசிய நூல்.

இந்த இடத்தில் நம் பக்கத்து நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று அறிவேன். கால்டுவெல்லையா குறை சொல்கிறாய்? 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த பேரறிஞரையா? 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரையில் சிலை வைத்து வணங்கினோமே! ஆம், வைத்தோம், வைத்தது சரி. தமிழ் தனித்து நிற்கவல்லது என்று உலகுக்கு மெய்ப்பித்த பெருமகனுக்கு நன்றிக்கடன் அது. ஆனால் மொழிக்கு மதிப்புத் தந்தவர் அம்மொழி பேசிய மக்களுக்கு அதே மதிப்பைத் தந்தாரா என்று கேட்காமல் போனால், பகுத்தறிவு எதற்கு? சிலைக்கு மாலை போடும் கை, நூலைப் புரட்டவும் வேண்டும். சட்டாம்பிள்ளை புரட்டினார். வெகுண்டெழுந்தார். 1857-ல் வெள்ளைக் குருமாரின் ஆட்சியை உதறிவிட்டு, முக்குப்பேரியில் இந்து கிறிஸ்தவ சபை என்று தனிச் சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள் முதலிய அவருடைய புதுமைகளில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஒரு சடங்குக்குப் பதில் இன்னொரு சடங்கு! ஆனால் "எங்கள் கோயிலை நாங்கள் நடத்திக்கொள்வோம்" என்று எழுந்தாரே, அந்தக் குரல் தன்மானக் குரல். முறையிட ஒரு மன்றமும், தேர்ந்தெடுக்க ஒரு வாக்கும் அவருக்கு இருந்திருந்தால் சபை உடைந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

எனினும், குருமார் அல்லாதார் பேசினால் அது நீதியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல என்னால் முடியாது. என்னைத் தடுப்பவர் ஒரு கவிஞர்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பெற்று, தஞ்சையில் மிஷன் பள்ளி ஆசிரியராய் அமர்ந்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவரைப் பற்றிப் பேசுமுன் தாமஸ் ஹார்டியின் நாவல் ஒன்றை நினைவூட்ட வேண்டும். வேடிக்கையான ஒற்றுமை இரண்டுக்கும் உண்டு.

1872-ல் ஹார்டி எழுதிய நாவல், பசுமரத்தடியில் என்று தமிழாக்கலாம். மெல்ஸ்டாக் என்ற சிற்றூர்க் கோயில் மேடையில் தலைமுறை தலைமுறையாக வயலின் முதலிய நரம்புக் கருவிகள் வாசிக்கும் ஊர்க்காரர்கள். வண்டி ஓட்டுபவர், செருப்புத் தைப்பவர் போன்ற எளியவர்கள். புதிதாக வந்த குரு மேபோல்டு அவர்களை விலக்கிவிட்டு, ஆர்கன் பெட்டி வைத்து, பள்ளி ஆசிரியை ஃபேன்சியை வாசிக்கச் செய்ய விரும்புகிறார். இதற்கு உந்துதல் கொடுப்பவர் யார் தெரியுமா? மக்களின் காவலராக இருக்க வேண்டிய சர்ச் வார்டன் ஷைனர்! பணக்கார உழவன்; ஆசிரியை மேல் அவனுக்கு ஒரு கண். காதலுக்காகக் கோயில் இசையையே விற்கிறான்! வாத்தியக்காரர்கள் ஒன்றுகூடிக் குருவின் வீட்டுக்குப் போகிறார்கள். எதிர்த்துச் சண்டையிடவில்லை. எப்படியும் போகத்தான் வேண்டும், திருநாள் ஒன்றில் சிறப்போடு போகவிடுங்கள் என்று நாள் கேட்டுப் பேரம் பேசுகிறார்கள். நாவல் முழுதும் நகைச்சுவை. அந்தக் காட்சியில் மட்டும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஹார்டியின் பாட்டனாரும் தந்தையாரும் ஸ்டின்ஸ்ஃபோர்டு ஊர்க் கோயிலில் அப்படி வாசித்தவர்களே.

இனித் தஞ்சைக்கு வருவோம். 1820-களின் இறுதியில் இளைய மிஷனெரிகள் அங்கே பல மாறுதல் செய்தார்கள். மக்கள் நாவில் பழகிப்போன ஃபப்ரிசியஸ் மொழிபெயர்ப்பு வேதத்தை விலக்கி ரேனியஸ் திருத்திய புதிய மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். திருநாளில் பூ வைப்பதைத் தடுத்தார்கள். தமிழ்ப் பாடல்களையும் தமிழ் இசையையும் வழிபாட்டிலிருந்து ஒதுக்க முனைந்தார்கள். கோயிலில் சாதிப்படி தனித்தனியே உட்காரும் வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். சாஸ்திரியார் நான்கையும் எதிர்த்தார். வேலை போயிற்று, சரபோஜி மன்னர் அரசவையில் இடம் தந்து ஆதரித்தார்.

மெல்ஸ்டாக் வாத்தியக்காரனுக்குத் தொண்டை அடைத்தவன், தமிழ் இசைக்காக நின்ற தமிழ்க் கவிஞனுக்கு அடைக்காமல் இருப்பேனா? பூவை ஏன் தடுக்க வேண்டும்? இராகத்தை ஏன் துரத்த வேண்டும்? இந்த மூன்றில் சாஸ்திரியார் பக்கம் நிற்கிறேன். ஆனால் நான்காவதில்? ஒரே பாயில் உட்காரமாட்டேன், ஒரே கிண்ணத்தில் முன்பின் பாராமல் பருகமாட்டேன் என்பதற்கும் அதே நாவன்மை, அதே முறையீடு, அதே உரிமைக்குரல்! 1829-ல் சாதி வழக்கத்துக்குச் சார்பாக நூலே எழுதினார். 1833-ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் திருமுகம் விடுத்தார், சபைக்குள் சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று. சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் சாதிக் கிறித்தவர் பலர் சபையைவிட்டே வெளியேறினர்.

எவ்வளவு சங்கடமான காட்சி! அந்நியப் பேராயர் மேலிருந்து ஆணை இடுகிறார்; ஆணை நீதியின் பக்கம். மண்ணின் கவிஞர் கீழிருந்து உரிமை கேட்கிறார்; உரிமை அநீதியின் பக்கம். கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தவன் அந்த விவாதத்தில் ஒரு சொல்லும் பேசியதாக ஏடு சொல்லவில்லை. அவனை யாரும் கேட்கவில்லை. குருமார் அல்லாதாரின் உரிமை என்று நாம் வரலாற்றில் படிப்பதெல்லாம், பெரும்பாலும் முன் வரிசையில் உட்கார்ந்தவரின் உரிமைதான். ஆங்கிலத் திறனாய்வாளன் ஷைனரைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம். நாம் சாஸ்திரியாரைக் கண்டு சிரிக்கவும் முடியாது. வாழ்த்திவிட்டுப் போகவும் முடியாது.

பிறகு காலம் மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலியிலும் சென்னையிலும் சபை மன்றங்கள் தோன்றி, மக்களின் சார்பாளர்கள் உட்காரத் தொடங்கினர். 1912-ல் அசரியா முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். குருத்துவம் பெறுவதற்கு முன் நெடுநாள் பொதுநிலைத் தொண்டராக உழைத்தவர் அவர். 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. எங்கள் பகுதியில் 1853 முதல் வேலை செய்த அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் ஆங்கிலிக்கன் அன்று. மூப்பர் ஆட்சி கொண்ட சீர்திருத்தச் சபை. ஆகவே இங்கே காவலர் மரபு நேராக வரவில்லை. மூப்பர் மரபு வந்து, 1947-ல் பேராயர் ஆட்சியோடு கலந்தது. இன்று குருசேகரக் கமிட்டி, பேராய மன்றம், சினாடு எல்லாவற்றிலும் தேர்தல். உரிமை ஒருவழியாக வந்துவிட்டது.

வந்த உரிமையைக் கொண்டு என்ன செய்தோம்? நாளேட்டைப் படிப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருச்சபைத் தேர்தல் வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றப் படிகளை எத்தனை முறை ஏறி இறங்கிவிட்டன! பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நிலம் என்று மிஷனெரி விட்டுப்போன சொத்து மலைபோல் இருக்கிறது. மலையின் சாவி கமிட்டியில் இருக்கிறது. ஸ்ப்ரக்கின்சும் பங்கும் தோற்றார்கள், போங்கள்! 2013-ல் நந்தியாலில் புஷ்பலலிதா தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனபோது நானும் மகிழ்ந்தேன். பேராயர் நாற்காலிக்குப் பெண் வந்துவிட்டாள்; ஊர்க் கமிட்டிப் பாயில் அவளுக்கு இடம் உண்டா?

இராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியலில் பெண்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளை இங்கே எவரும் காணலாம். வாரம் ஆறு நாள் தோலும் பசையும் மணக்க உழைத்து, ஞாயிறன்று கூலியில் ஒரு பங்கைக் காணிக்கைப் பையில் போடுகிறவர்கள் அவர்கள். கமிட்டி கூடுவது ஞாயிறு நடுப்பகலில். அப்போது அவர்கள் வாரத்துத் துணியைத் துவைத்துக்கொண்டிருப்பார்கள். சட்டத்தில் தடை ஏதும் இல்லை. நேரம்தான் தடை.

பிறர் வீட்டை மட்டும் எட்டிப் பார்த்து எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். நீதிக்கட்சி ஆண்ட 1920-களில் பனகல் அரசர் அறநிலையச் சட்டம் கொண்டுவந்தபோது எழுந்த கூச்சலை அறிவோம். கோயில் சொத்துக்கு ஊர் கணக்குக் கேட்கலாமா என்று பதறினார்கள். கணக்குக் கேட்கும் உரிமை வந்தது. கருவறைக்குள் நுழையும் உரிமைக்கு 1970-ல் சட்டம் செய்தும், பயிற்சி பெற்ற அனைத்துச் சாதி அர்ச்சகர்கள் அரசால் நியமனம் பெற 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் சீர்திருத்த ஏடுகளும் ஒரு குறை செய்தன. பூசாரியைச் சாடினோம், பாதிரியைச் சாடினோம், அவர்களுக்குப் பின்னால் கொத்துச் சாவியோடு நின்ற அறங்காவலரையும் கமிட்டிக்காரரையும் பல நேரம் மேடையில் நமக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தோம். நம் நாவல்களிலும் அப்படியே. பம்பிள் என்றதும் ஆங்கிலேயனுக்கு ஓர் உருவம் கண்முன் எழுவதுபோல, உபதேசியார் என்றதும், கமிட்டித் தலைவர் என்றதும் தமிழனுக்கு எழும் உருவம் எது? மிஷனெரிக்கும் மக்களுக்கும் நடுவில் நசுங்கிய அந்த உபதேசியார் ஒரு பெருங்காப்பியத்துக்கே உரிய மனிதர். சம்பளம் ஒரு பக்கம் இழுக்க, தன்மானம் மறுபக்கம் இழுக்க, நடுவில் பலகையில் "அ" எழுதிக்கொண்டிருந்தவர். பெரிய அதிகாரிகளைப் பற்றி எழுதத் துடிக்கும் நம் இளைய எழுத்தாளர்கள், அடுத்த தெரு ஓலைக்கொட்டகைப் பக்கம் ஒரு நடை போய் வந்தால் என்ன?

சென்ற வாரம் அந்த மாணவன் மீண்டும் வந்தான். கதைக்குப் பிள்ளைகள் சேருமுன் தனியே சொன்னான்:

"ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அம்மா எழுந்து நின்று கேட்டுவிட்டார்கள் சார். அறுப்புப் பண்டிகைக் காணிக்கைக் கணக்கை ஏன் இன்னும் படிக்கவில்லை என்று."

அவன் தாய் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறவர்.

"என்ன சொன்னார்கள்?"

"கமிட்டித் தாத்தா ஒருவர், பொம்பளைக்கு என்னம்மா கணக்கு என்றார். அம்மா உட்காரவில்லை. பின்னால் இருந்த பெரியம்மா, சித்தி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு நோட்டைக் கொண்டுவருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள் சார்."

"கோயில்பிள்ளை என்ன செய்தார்?"

"அவர் கதவுப் பக்கம் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் பேசி முடிக்கிறவரை பூட்டவில்லை."

மற்றப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஆலிவர் இரண்டாம் முறை கஞ்சி கேட்ட இடத்தை மறுபடியும் சொல்லுங்கள் என்றான் ஒருவன். தொடங்கினேன்.